வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டியில் குடியேறப் போகிறவர்களுக்கு

ஆசிரியப் பணிக்கும் செவிலியர் பணிக்கும் பண்ணை வேலைக்கும் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா செல்வோரில் பலர் நியூயார்க்குக்கோ சிகாகோவுக்கோ போவதில்லை. ஆள் கிடைக்காமல் திண்டாடுவது சிற்றூர்களே என்பதால், வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஏதோ ஒரு கவுண்டிக்குத்தான் (மாநிலத்துக்குள் அடங்கிய, மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நம் பிள்ளைகள் போய்ச் சேருகிறார்கள். அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் அப்படியொரு கவுண்டியின் பள்ளியில் பணியாற்றித் திரும்பியவள். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. அவற்றைத் தூதரகத்திடமே கேட்டறிய வேண்டும். அங்கே போய் இறங்கியபின் நடத்த வேண்டிய வாழ்க்கையைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குக் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறிய கவுண்டியில் கணித ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. கவுண்டி என்பது நம் ஊர் முனிசிபாலிட்டி போன்றதா? அவளுக்கு ஏதாவது தேவைப்பட்டால் யாரிடம் போக வேண்டும்?
— ஒரு தாயார், டொங்காட்

பதில்: ஓரளவுக்கு அப்படித்தான் அம்மா, ஆனால் முழுக்க அப்படியல்ல. அமெரிக்காவில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. கன்சாஸில் 105, டெக்சாஸில் 254, டெலவேரில் 3 மட்டுமே. லூசியானாவில் இவற்றைப் பாரிஷ் என்பார்கள். கனெக்டிகட் மாநிலமோ 1960-இல் கவுண்டி நிர்வாகத்தையே கலைத்துவிட்டது. பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டி ஏறத்தாழ 52,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் பாதிக்கும் மேல். டெக்சாஸின் லவிங் கவுண்டியிலோ 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 64 பேர்தான். ஆகவே கவுண்டி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. எந்தக் கவுண்டி, அதன் தலைநகர் எது, மகள் தங்கப்போகும் வீட்டிலிருந்து அந்த ஊர் எத்தனை மைல் என்பதையே முதலில் கேளுங்கள்.

டொங்காட்டில் நீங்கள் வார்டு கவுன்சிலருக்கு வாக்களிக்கிறீர்கள். மற்ற அதிகாரிகளை நிர்வாகம் நியமிக்கிறது. கன்சாஸ் கவுண்டியில் நிர்வாகம் நடத்தும் கமிஷனர்கள், ஆவணங்களைக் காக்கும் கிளார்க், வரி வாங்கும் பொருளாளர், நிலப்பத்திரப் பதிவாளர், காவலுக்குப் பொறுப்பான ஷெரீஃப் என்று பலரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டில் ஷெரீஃப் என்பவர் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவந்து பொருளை ஜப்தி செய்பவர் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டாலே நமக்குக் கலக்கம். அங்கே அவர்தான் ஊர்களுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கெல்லாம் காவல்துறை, கவுண்டிச் சிறைக்கும் அவரே பொறுப்பாளர். நகர எல்லைக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு மேயரும் இல்லை, நகரசபையும் இல்லை. சாலை, காவல், வரி எல்லாவற்றுக்கும் கவுண்டிதான்.

உங்கள் மகள் முதல் மாதத்திலேயே கவுண்டித் தலைநகரின் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கும். பெரும்பாலும் ஊரின் நடுச் சதுக்கத்தில் நிற்கும் பழைய கற்கட்டடம் அது. கன்சாஸில் கார் வாங்கினால் அதைப் பதிவுசெய்வது கவுண்டிப் பொருளாளர் அலுவலகத்தில்; காருக்கு உரிய சொத்துவரியையும் அங்கேயே ஆண்டுதோறும் கட்ட வேண்டும். நம்மூர் உள்துறை அலுவலக வரிசையை நினைத்துக்கொண்டு விடியற்காலையில் போய் நிற்க வேண்டிய தேவை அநேகமாக இராது. அலுவலகத்தில் இருப்பவர்களே அவளைப் புதிய ஆசிரியை என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அதை அந்நியத் தலையீடாக எண்ணாமல் அவளும் முகம் கொடுத்துப் பேசிவிட்டு வந்தால், பின்னால் பல காரியங்கள் எளிதாக நடக்கும்.

கேள்வி: என் மகளும் மருமகனும் அப்படியொரு ஊருக்குப் போகிறார்கள். மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. அமெரிக்கா என்றால் மருத்துவ வசதிக்கு என்ன குறை என்கிறார் மருமகன். எனக்கு மனம் ஒப்பவில்லை.
— ஒரு தந்தை, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: ஐயா, தங்கள் அச்சத்துக்கு இடமிருக்கிறது. மருமகன் சொல்வது பெருநகரங்களுக்குப் பொருந்தும். கிராமப்புறக் கவுண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மகப்பேறு பார்க்கும் மருத்துவமனையே இல்லை. முன்பு இருந்த பலவும், பிறப்புகள் குறைந்ததாலும் இரவு பகலாக மருத்துவரையும் செவிலியரையும் வைத்திருக்கும் செலவு தாங்காமலும், அந்தப் பிரிவை மட்டும் மூடிவிட்டன. அவ்வளவு செல்வமுள்ள நாடு ஒரு கர்ப்பிணியை வலியோடு நூறு கிலோமீட்டர் காரில் போகவிடுவது எனக்கு இன்றும் ஏற்கமுடியாத செய்தி. எனவே, எந்த மருத்துவமனையில் பிரசவம், அது எவ்வளவு தூரம், பனிக்காலத்தில் அந்தச் சாலை திறந்திருக்குமா, கடைசி வாரங்களில் அந்த ஊரிலேயே தங்க இடம் உண்டா என்ற நான்கையும் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஊரிலுள்ள சிறிய மருத்துவமனை பெரும்பாலும் ‘கிரிட்டிக்கல் ஆக்சஸ்’ என்ற வகையைச் சேர்ந்ததாக இருக்கும். கிராமப்புற மருத்துவமனைகள் வரிசையாக மூடப்பட்டதைத் தடுக்க 1997-இல் கூட்டாட்சி அரசு உருவாக்கிய ஏற்பாடு இது. 25 படுக்கைகளுக்கு மேல் கூடாது. நோயாளிகள் சராசரியாக 96 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அவசரச் சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்க வேண்டும். பொதுவாக அடுத்த மருத்துவமனை 35 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டால் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் அவற்றுக்கு ஆகும் செலவை ஒட்டிப் பணம் தருகிறது. எலும்பு முறிவு, நிமோனியா, நீரிழிவால் வரும் மயக்கம் போன்றவற்றை இங்கே நன்றாகவே கவனிப்பார்கள். இதய அறுவைக்கும் தலைக்காயத்துக்கும் நிலைப்படுத்திவிட்டு, ஹெலிகாப்டரிலோ ஆம்புலன்ஸிலோ நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அரசு கிளினிக்கில் அடிப்படைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதற்கு நாம் பழகியிருக்கிறோம். அங்கே 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காசு இருக்கிறதா காப்பீடு இருக்கிறதா என்று பாராமல் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து, ஆபத்திலிருந்து மீட்டாக வேண்டும். ஆனால் அதற்கான பில் பிறகு வீட்டுக்கு வரும். ஹெலிகாப்டர் பயணத்தில் காப்பீடு உள்ளவர்கள்மீது எதிர்பாராத கட்டணம் சுமத்தப்படுவதை 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. தரைவழி ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. ஜே-1 பரிமாற்ற விசாவில் போகிறவர்கள் தமக்கும் தம்முடன் வரும் குடும்பத்தாருக்கும் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள கர்ப்பம் சேருமா, ஆம்புலன்ஸ் சேருமா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். இவை தவிர, வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்து வாங்கும் சமூக நலவாழ்வு மையங்கள் பல கவுண்டிகளில் இருக்கின்றன. தடுப்பூசிக்குக் கவுண்டியின் பொதுச் சுகாதார அலுவலகம் இருக்கிறது.

அவசர எண் 911. முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று ஒரு பெருநகரத்தில் ஒலிக்கவில்லை, அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில்தான் ஒலித்தது. இன்று அழைத்தாலும் எதிர்முனையில் பேசுபவர் பெரும்பாலும் கவுண்டி ஊழியர். ஆனால் தீயணைப்பு வண்டியில் வருபவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். தானியக் கிடங்கிலோ வங்கியிலோ வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள். வீட்டு எண் பலகை சாலையிலிருந்து இருட்டிலும் தெரியும்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவதன் காரணம், சரளைச் சாலையில் ஒரு திருப்பம் தவறினால் பத்து நிமிடம் போய்விடும் என்பதே.

கேள்வி: கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? என் மகனுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் முதல் ஆண்டு பணம் சேர்க்க விரும்புகிறான்.
— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முடியாது, அம்மா. இங்கே சாலையோரம் நின்று விரலைக் காட்டினால் மினிபஸ் டாக்ஸி வந்து நிற்கும். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. கூட்டாட்சி உதவியோடு ஓடும் சிறு பேருந்துகள் பல கவுண்டிகளில் உண்டு; ஆனால் அவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் பதிவுசெய்ய வேண்டும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெரும்பாலும் ஓடா. அவற்றை நம்பி ஒருவர் மருத்துவரிடம் போய்வரலாம், வேலைக்குப் போய்வர முடியாது. எனவே பழைய காரானாலும் ஒன்று வாங்குவதையும், கட்டாயக் காப்பீட்டையும், பெட்ரோலையும் முதல் ஆண்டுச் செலவில் சேர்த்தே கணக்கிடச் சொல்லுங்கள்.

அங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்லும். நெடுஞ்சாலையில் முன்வண்டியைப் பார்த்து ஓட்டிவிடலாம். ஆளே இல்லாத சரளைச் சாலையில் திரும்பும்போதுதான் கை பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும். மத்திய மேற்கு மாநிலங்களில் நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்து பிரித்திருப்பதால் சாலைகளும் பல இடங்களில் மைலுக்கு ஒன்றாக நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. சோளம் ஆளுயரம் வளர்ந்திருக்கும் மாதங்களில் குறுக்குச் சாலையில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தப் பலகை இல்லாத சந்திப்புகளும் உண்டு. அந்தி சாயும் நேரத்திலும் விடியலிலும் மான்கள் குறுக்கே பாயும், அக்டோபர் நவம்பரில் இன்னும் அதிகமாக. பனிக்காலத்தில் கம்பளி, தண்ணீர், டார்ச், சிறு மண்வெட்டி ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வண்டி பனியில் சிக்கினால் இறங்கி நடக்காமல் உள்ளேயே இருந்து உதவிக்கு அழைக்க வேண்டும்.

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மினுக்கி, பக்கவாட்டில் நிறுத்தப் பலகையை நீட்டிவிட்டால், பின்னால் வருபவர் மட்டுமன்றி, நடுத்தடுப்பில்லாத சாலையாயின் எதிரே வருபவரும் நின்றுவிட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இதுவே சட்டம். நம்மவர்களில் பலர் முதல் அபராதச் சீட்டை வாங்குவது இதில்தான்.

கேள்வி: பேரப்பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? பள்ளிக் கட்டணம் எவ்வளவு?
— ஒரு தாத்தா, சாட்ஸ்வொர்த்

பதில்: பொதுப்பள்ளியில் 12-ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. சீருடையும் பெரும்பாலும் இல்லை. வீட்டருகே வந்து ஏற்றிச் செல்லும் பேருந்தும் பொதுவாகக் கட்டணமில்லாததே. அந்தப் பேருந்தின் மஞ்சள் நிறமே 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் முடிவானது. சிறு ஓரறைப் பள்ளிகளை மூடி, பல ஊர்ப் பிள்ளைகளை ஒரே பள்ளிக்குக் கொண்டுவந்த காலம் அது. பேரப்பிள்ளைகள் கவனிக்க வேண்டியது கல்வியாண்டு. நமக்கு ஜனவரி முதல் டிசம்பர், அவர்களுக்கு ஆகஸ்ட் முதல் மே. ஜனவரியில் போனால் நடு ஆண்டில் சேர வேண்டும். ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளையை மீண்டும் ஆறிலேயே அமர்த்துவதா ஏழில் சேர்ப்பதா என்பதைப் பள்ளி தீர்மானிக்கும். மதிப்பெண் சான்றிதழ்களையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். சில கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களில் வாரத்துக்கு நான்கு நாள்தான் வகுப்பு. தாயும் தந்தையும் வேலைக்குப் போகிற வீட்டில் ஐந்தாம் நாள் குழந்தையை யார் பார்ப்பது என்பதைப் போகுமுன்பே கேளுங்கள்.

கேள்வி: தண்ணீர், மின்சாரம், குப்பை இவையெல்லாம் யார் பொறுப்பு? இங்கே லோட்ஷெட்டிங்கில் பட்டது போதும் என்றிருக்கிறது. சூறாவளி பற்றியும் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், போர்ட் ஷெப்ஸ்டோன்

பதில்: ஊருக்குள் வீடு கிடைத்தால் தண்ணீரும் சாக்கடையும் நகரசபை பார்த்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே என்றால் ஆழ்குழாய்க் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் வீட்டோடு சேர்ந்தவை. கிணற்று நீரை யாரும் கட்டாயமாகச் சோதித்துத் தரமாட்டார்கள். உரமிடும் நிலங்களுக்கு நடுவே இருப்பதால் நைட்ரேட் கலந்திருக்கக்கூடும், அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே சோதனை அறிக்கை கேட்க வேண்டும். சூடேற்றுவதற்குப் புரொப்பேன் வாயுத் தொட்டி வீட்டுக்கு வெளியே இருக்கும். குளிர்காலம் தொடங்குமுன் நிரப்பிவிட வேண்டும். குப்பையைப் பல இடங்களில் நாமே பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிக் கவுண்டியின் குப்பை மாற்று நிலையத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

மின்சாரத்தின் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளில் விளக்கெரிந்தபோது பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. ஆள் குறைந்த இடத்துக்குக் கம்பி இழுத்தால் இலாபமில்லை என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. 1935-இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மய நிர்வாகத்தை நிறுவிக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க, உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். நாட்டாலில் நம் பாட்டன்மார் தம் கூலியிலிருந்து பணம் திரட்டி, அரசு தன் பங்கைத் தர, மானியப் பள்ளிகளைக் கட்டியது எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. அந்தச் சங்கங்களில் 800-க்கும் மேற்பட்டவை இன்றும் மின்சாரம் வழங்குகின்றன. உங்கள் வீட்டு இணைப்பு ஒரு சங்கத்தினுடையது என்றால் நீங்கள் அதன் உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் வாக்குண்டு. அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் பனிமழையில் கம்பிகள் அறுந்தால் நாட்கணக்கில் இருட்டாக இருக்கும்.

சுழற்காற்று பற்றிய பயம் நியாயமானது. 2007 மே 4 இரவு கன்சாஸின் கையோவா கவுண்டித் தலைநகரான கிரீன்ஸ்பர்கில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை ஒரே சுழற்காற்று அழித்தது. பள்ளியும் கவுண்டி மருத்துவமனையும் அதில் போயின. முன்னெச்சரிக்கைச் சங்கு ஒலித்து மக்கள் நிலவறைக்குள் இறங்கிவிட்டதால்தான் உயிரிழப்பு இன்னும் பெருகவில்லை. அந்த ஊரார் மருத்துவமனையையும் பள்ளியையும் மீண்டும் கட்டி, காற்றாலை மின்சாரத்தில் ஊரை நடத்துகிறார்கள். நிலவறை உள்ள வீட்டையே பாருங்கள். நகரும் வகைத் தகர வீடு வாடகை குறைவென்று எடுத்தால், எச்சரிக்கை வரும்போது எங்கே ஓடுவது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் எழுப்பிவிடும் வானிலை வானொலிப் பெட்டி ஒன்றும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: கோயில் இல்லை, தமிழ் பேச ஆள் இல்லை, நம் சாப்பாடு இல்லை. என் தங்கை மகள் அங்கே எப்படிக் காலம் தள்ளுவாள்?
— ஒரு பெரியம்மா, வெருலம்

பதில்: கோயில்கள் பெருநகரங்களைச் சார்ந்தே இருக்கின்றன. பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலும் நியூயார்க்கில் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலும் 1970-களில் எழுந்தவை. அதன்பின் பல நகரங்களில் எழுந்துவிட்டன. தைப்பூசத்துக்கு ஒரு நாள் விடுப்பெடுத்து, பல மணி நேரம் காரோட்டிப் போய்வர வேண்டியிருக்கும். மற்ற நாள்களில் வீட்டு விளக்குதான்.

மசாலாத் தூள்களை உறையிட்ட பாக்கெட்டாக எடுத்துச் செல்லலாம். பருப்பும் அரிசியும் தபாலில் வரவழைக்கலாம். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம். எலுமிச்சை இன மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. தோட்டம் போட விரும்பினால் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்தப்படும் அலுவலகம் அது. மண்ணைச் சோதித்து, அந்தத் தட்பவெப்பத்தில் மிளகாயும் வெண்டையும் எப்போது விதைப்பது என்று சொல்வார்கள். கோடையில் நடக்கும் கவுண்டிக் கண்காட்சியில் பிள்ளைகள் தாம் வளர்த்த கன்றையும் ஆட்டையும் கொண்டுவந்து காட்டுவதும் அந்த அலுவலகத்தின் இளைஞர் திட்டமான 4-ஹெச் மூலமே. அங்கே போய் நின்றால் ஒரே மாலையில் பாதி ஊரை அறிமுகம் செய்துகொள்ளலாம்.

அஞ்சலும் ஒரு துணை. பண்ணை வீடுகளுக்கு நேரே தபால் கொண்டுவரும் முறை 1896-இல் தொடங்கியது. சாலையோரத் தபால்பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு சிவப்புக் கொடி இருக்கும். நாம் அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்து, கொடியை உயர்த்திவிட்டால், தபால்காரர் நிறுத்தி எடுத்துச் செல்வார். ஆகவே பெரியம்மா, கைப்பேசியில் பேசுவதோடு நில்லாமல் கடிதமும் எழுதுங்கள்.

தமிழ் நூல்களுக்குக் கவுண்டி நூலகத்தை நாட வேண்டும். தொலைவில் இருப்பவரைத் தேடிப்போய் நூல் தருவதில் அந்நாட்டு நூலகங்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. மேரிலாந்தின் வாஷிங்டன் கவுண்டியில் மேரி டிட்கோம் என்ற நூலகர் 1905-இலேயே குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். சிறிய நூலகத்தில் தமிழ் அலமாரி இராது. ஆனால் நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையில், சிகாகோ, பெர்க்கிலி போன்ற தமிழ்த் தொகுப்புள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைத்துத் தரும்படி கேட்கலாம். நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்; வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம், சில இடங்களில் தபால் செலவு மட்டும் கேட்பார்கள். வாடகை ரசீதோ மின்கட்டண ரசீதோ காட்டினால் உறுப்பினர் அட்டை அன்றே கிடைத்துவிடும்.